பழைய லாரியின் ஆயில் பிரேக்: கோளாறைப் பெடலிலிருந்தே கண்டுபிடிப்பது

பல வருடம் ஓடாமல் நின்ற லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்றதும் பலரும் முதலில், மிதிக்கும் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் மாற்றுகிறார்கள். புதுசு போட்டு, ஏர் எடுத்து (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி), மறுபடி மிதித்தால் பெடல் பழையபடியே தரைவரை போகிறது. கோளாறு அங்கே இருந்தால்தானே சரியாகும்? பிரேக் ஷூவுக்கும், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பியிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும் வேலை.

ஆயில் பிரேக்கில் கோளாறு தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காலால் கொடுத்த அழுத்தம் எங்கே போனது? ஆயில் எங்காவது கசிந்து போயிருக்கலாம். வழியில் காற்றையோ உப்பிய ஹோஸையோ அமுக்குவதிலேயே வீணாகியிருக்கலாம். சக்கரம்வரை சரியாகப் போய்ச் சேர்ந்தும் அங்கே வேலை நடக்காமல் இருக்கலாம். இல்லையென்றால், போன அழுத்தம் திரும்பி வராமல் சக்கரம் ஜாம் ஆகியிருக்கலாம். எந்தக் கோளாறும் இந்த நான்கில் ஒன்றுதான். எது என்று பெடல் காலுக்குச் சொல்லிவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பாஸ்கல் கண்ட விதி இது. லாரியில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை எண்களில் பார்த்தால் பாதிக் கோளாறு தானே புரிந்துவிடும்.

பெடலின் நெம்புகோல் விகிதம் 6 என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ விசையில் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கு 180 கிலோ போகும். அந்த சிலிண்டரின் விட்டம் 1 அங்குலம் என்றால் பரப்பு ஏறத்தாழ 5 சதுர செ.மீ. ஆக, ஆயிலில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 35 கிலோ அழுத்தம். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றேகால் அங்குலம் என்றால் அதன் பரப்பு கிட்டத்தட்ட 8 சதுர செ.மீ.; ஒவ்வொரு பிஸ்டனும் ஷூவை 280 கிலோ விசையில் தள்ளும்.

விசை இப்படிப் பெருகுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: தூரம். மாஸ்டர் பிஸ்டன் 3 செ.மீ. நகர்ந்தால் 15 மில்லி ஆயில்தான் வெளியேறும். நான்கு சக்கரத்திலும் சேர்த்து எட்டு பிஸ்டன். அந்த 15 மில்லியை எட்டுப் பேரும் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் நகர்வது 2.4 மி.மீ. மட்டுமே. அவ்வளவுதான் மொத்த இருப்பு.

இப்போது இடைவெளியைப் பாருங்கள். ஷூ டிரம்மைத் தொட ஒவ்வொரு பிஸ்டனும் 0.4 மி.மீ. நகர்ந்தால் போதும் என்ற நிலையில், பெடல் 3 செ.மீ. இறங்கியதும் பிரேக் பிடிக்கத் தொடங்கும். ஷூவின் மேல் இருக்கும் லைனிங் தேய்ந்து அது 1.5 மி.மீ. ஆகிவிட்டால் பெடல் 11 செ.மீ. இறங்கிய பிறகுதான் ஷூவே தொடும். எதுவும் உடையவில்லை, எங்கும் கசியவில்லை. ஆனாலும் பெடல் தரைக்கு வந்துவிடும்.

காற்றின் கதையும் இதே கணக்குதான். குழாய்க்குள் 5 மில்லி காற்று இருந்தால், அந்த அழுத்தத்தில் அது முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதைச் சுருக்குவதற்கே பெடல் கிட்டத்தட்ட 6 செ.மீ. கூடுதலாக இறங்க வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவுக் காற்று, 18 செ.மீ. பெடலில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

கை வைப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, தரையைத் தொடும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பழைய லாரிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸின் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்டில் இருக்கும். அந்த வகையில் பின்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கினால், டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றிக்கொள்ளும், மறு சக்கரம் உருளும், வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு.

வீல் நட்டு கழலவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டி இழுப்பதற்கு முன் போல்ட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும்; எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

டிரம்முக்குள் இருக்கும் தூளை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீரில் நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகமூடி கட்டாயம்.

பெடல் சொல்வதைக் கேட்பது

இன்ஜினை நிறுத்திவிட்டு சீட்டில் உட்காருங்கள். முதலில் விரலால் பெடலை அழுத்துங்கள். 6 முதல் 12 மி.மீ. வரை தடையில்லாமல் லூஸாக நகர வேண்டும். இந்தப் பிளே ஏன் தேவை என்பது பிரேக் ஜாம் பற்றிப் பேசும்போது வரும்.

அடுத்து ஒரே மிதியில் மெதுவாக அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உடனே இரண்டு மூன்று முறை அடித்து மிதித்து, மறுபடி உயரத்தைப் பாருங்கள். அடித்ததும் பெடல் மேலே ஏறி, ஏறிய இடத்தில் கட்டையாக நின்றால் அது இடைவெளிக் கோளாறு. ஷூ அட்ஜஸ்ட்மென்ட் வேண்டும். ஏறிய பிறகும் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டால் பல வீண் செலவு மிச்சம்.

கடைசியாக, அழுத்திய காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் ஆயில் எங்கோ நழுவுகிறது.

இறங்கும் பெடல்

கசிவு வெளியே என்றால் ஈரம் காட்டிக்கொடுக்கும். குழாய்களை இணைக்கும் யூனியன் நட்டுகள், மூன்று ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் என வரிசையாகப் பாருங்கள். பலரும் மறக்கும் இடம் பிரேக் லைட் சுவிட்ச். பழைய வண்டிகளில் அது பெடலில் இல்லாமல், மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ திருகப்பட்டு ஆயில் அழுத்தத்தால் வேலை செய்யும். அதன் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்தால் ஒயர் முனைகளின் வழியே ஆயில் ஊறும்.

வீல் சிலிண்டரைச் சோதிக்க டிரம்மைக் கழற்றி, ரப்பர் பூட்டின் ஓரத்தை மெதுவாக விலக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்பதம் சகஜம். சொட்டாக வழிந்தால், ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் போய்விட்டது. பக்கத்துச் சிலிண்டரும் அதே வயசுதான். ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது.

வெளியே எங்கும் ஈரமே இல்லை, ரிசர்வாயரில் (ஆயில் தொட்டியில்) அளவும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே முன் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவுகிறது. உறுதி செய்ய எளிய வழி: சிலிண்டரின் வெளிவாயில் குழாயைக் கழற்றி, அந்த மரைக்குப் பொருத்தமான பித்தளை பிளக்கைத் திருகி, உள்ளே காற்று இல்லாமல் பார்த்துக்கொண்டு மிதியுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் பெடல் கல் மாதிரி நிற்கும். பிளக் போட்ட பிறகும் இறங்கினால் அப்போது மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள்.

இன்னொரு வழியிலும் ஆயில் காணாமல் போகும். கனரக வண்டிகளில் சேஸிஸில் தனியாகப் பொருத்திய ஹைட்ரோவாக் போன்ற வாக்கும் பூஸ்டர் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பிரேக் விசையைப் பெருக்கும் கருவி) இருக்கும். அதன் உள் சீல் பழுதானால் பிரேக் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். அடையாளம்: எங்கும் கசிவில்லை, ரிசர்வாயர் காலியாகிக்கொண்டே இருக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். பூஸ்டருக்குப் போகும் வாக்கும் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் ஈரம் தெரியும்.

கட்டையாக நிற்கும், ஆனால் வண்டி நிற்காது

பெடல் உயரமாக, கெட்டியாக இருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனால் ஆயில் பக்கம் பெரும்பாலும் சரி. தவறு சக்கரத்தில் அல்லது பூஸ்டரில். பூஸ்டரைச் சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்து வாக்கும் முழுவதையும் தீருங்கள். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். காலுக்குக் கீழே பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். அசையவில்லை என்றால் வாக்கும் வரவில்லை, அல்லது பூஸ்டர் வேலை செய்யவில்லை.

பூஸ்டரே இல்லாத வண்டியில் லைனிங்கைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. கருத்து, எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஆக்சில் சீல் கசிந்திருக்கிறது, அல்லது வீல் சிலிண்டர். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி போடுவது பலரும் செய்யும் தவறு. சூடானதும் உள்ளிருந்த எண்ணெய் மேலே வரும். மாற்றத்தான் வேண்டும், சீலையும் சேர்த்து.

ஒரு பக்கம் இழுப்பதும் சக்கரக் கோளாறுதான். குழாயில் அடைப்பில்லாத வரை ஒரு ஆக்சிலின் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றே. வண்டி வலப்பக்கம் இழுத்தால் வலது சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது, இடது சக்கரம் சோம்பேறியாக இருக்கிறது என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை நன்றாக பிரேக் அடித்து நிறுத்திவிட்டு டிரம்களின் சூட்டை ஒப்பிடுங்கள். தொடாமல், புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். ஆறிக்கிடக்கும் டிரம்தான் வேலை செய்யாதது. அதன் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கும்.

பிரேக் ஜாம்

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ஒரு சின்னத் துளையைத் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வாயரின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது பிஸ்டனின் பின்பக்கத்துக்கு ஆயில் ஊட்டுவது. மற்றது ஊசி முனை மட்டுமே நுழையும் அளவு சிறியது. பெடல் முழுதாக மேலே வந்த நிலையில், முன் கப்பின் உதட்டுக்குச் சற்று முன்னால் அது திறந்திருக்கும். ஓடும்போது ஆயில் சூடாகி விரியும். அந்தக் கூடுதல் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் ஒரே வழி அந்தத் துளைதான்.

பெடலில் பிளே இல்லையென்றால் பெடலிலிருந்து வரும் புஷ்ராட் கம்பி பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் முன்னால் தள்ளியே வைத்திருக்கும். கப் அந்தத் துளையை மூடிவிடும். விரியும் ஆயிலுக்குப் போக்கிடமில்லை, ஷூவைத் தள்ளும், ஷூ உரசி இன்னும் சூடாகும், ஆயில் இன்னும் விரியும். கிளம்பும்போது சுகமாக ஓடிய வண்டி சில கிலோமீட்டரில் நான்கு சக்கரமும் இறுகி நிற்பது இப்படித்தான். ஆறிய பிறகு ஒன்றும் நடக்காதது போல உருளும். துளையில் அழுக்கு அடைத்தாலும் இதே விளைவு. ரிசர்வாயர் மூடியைத் திறந்து, வேறொருவர் பெடலை லேசாகத் தொடும்போது எட்டிப் பாருங்கள். ஆயில் மேற்பரப்பில் ஒரு சின்ன ஊற்று எழும்ப வேண்டும். எழும்பினால் துளை திறந்திருக்கிறது.

நான்கும் இறுகாமல் ஒரு சக்கரம் மட்டும் இறுகினால் கதை வேறு. அந்தச் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நிற்கும்போது ஏர் எடுக்கும் திருகான பிளீடர் நிப்பிளை லேசாகத் திறங்கள். ஆயில் பீறிட்டு சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தது என்று பொருள். விடுபடவில்லை என்றால் பிஸ்டன் இறுக்கம், உடைந்த ரிடர்ன் ஸ்பிரிங், அல்லது துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிள். அழுத்தம் மாட்டியிருந்தது என்றால் மறுபடி மிதித்து இறுக்கிவிட்டு, இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் யூனியனைத் தளர்த்துங்கள். அங்கே திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் குற்றவாளி ஹோஸ். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே ரப்பர் உரிந்து ஒருவழி வால்வு மாதிரி ஆகியிருக்கும். காலின் வலு ஆயிலை உள்ளே தள்ளிவிடும். திரும்பி வர ஸ்பிரிங்கின் வலு போதாது. பின் சக்கரம் இரண்டும் ஒருசேர இறுகினால் பின் ஆக்சிலுக்கு வரும் ஒற்றை ஹோஸைச் சந்தேகிக்கவும்.

பழைய ஹோஸை இடுக்கி போட்டு நெரித்துச் சோதிக்காதீர்கள். உள்ளே அது அப்போதே விரிசல் விடும்.

அட்ஜஸ்ட் செய்து, பிறகு ஏர் எடுப்பது

வரிசை முக்கியம்: முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட், பிறகுதான் ஏர். சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரின் நட்சத்திர வீலைத் திருப்பி, கையால் சுற்ற முடியாதபடி இறுக்குங்கள். ஒருமுறை பெடலை அழுத்தி ஷூக்களை நடுவில் அமர வைத்து, மறுபடி இறுக்கம் பாருங்கள். பிறகு உரசல் நின்று சக்கரம் தாராளமாகச் சுற்றும்வரை பின்னால் திருப்புங்கள். பல வண்டிகளில் இது பத்து முதல் பதினைந்து பல் வரை வரும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை. நட்சத்திர வீலுக்குப் பதில் எக்சென்ட்ரிக் போல்ட் உள்ள வண்டிகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியாகத் தொடவைத்துத் தளர்த்த வேண்டும்.

ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, அருகில் இருப்பதில் முடியுங்கள். சேஸிஸில் ஹைட்ரோவாக் இருந்தால் அதன் நிப்பிளை முதலில் பாருங்கள். நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். உள்ளிருப்பவர் மெதுவாக அழுத்திப் பிடிக்க, கீழிருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மூட, மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்று நுரையாகிக் கலந்துவிடும். பிறகு வெளியே வராது. ரிசர்வாயர் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

முக்கியமான ஒன்று: பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, அது முழுத் தூரம் இறங்காமல் தடுத்துவிடுங்கள். வருடக்கணக்கில் கப் ஓடிய பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் படிவும். தரைவரை மிதித்தால் கப்பின் உதடு அந்தத் துருவில் ஏறிக் கிழியும். ஏர் எடுக்கும்வரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், எடுத்து முடித்ததும் பெடல் இறங்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எவ்வளவு எடுத்தும் மறுநாள் காற்று வந்துவிடுகிறதா? டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில் ஒரு சின்ன வால்வு உண்டு. குழாய்க்குள் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை எப்போதும் தக்கவைப்பது அதன் வேலை. வீல் சிலிண்டர் கப்புகளின் உதட்டைச் சுவரோடு ஒட்டவைப்பது அந்த மிச்ச அழுத்தம்தான். வால்வு போய்விட்டால் பெடல் திரும்பும்போது கப்பின் ஓரமாகக் காற்று உள்ளே வரும், ஆயில் வெளியே வராது. காற்றே இல்லாமலும் பெடல் பஞ்சாக இருக்கலாம்: புது லைனிங்கின் வளைவும் கடைந்து பெரிதான டிரம்மின் வளைவும் பொருந்தாவிட்டால் ஷூ நடுவில் மட்டும் தொட்டு வில்லாக வளையும். டிரம்முக்கு ஏற்ப லைனிங்கைத் தேய்த்து வளைவு கொடுத்தால் சரியாகும்.

ஆயிலும் குழாயும்

பிரேக் ஆயில் தரங்களில் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை, ஒன்றோடொன்று கலக்கலாம். புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3-க்கு 205 டிகிரி, டாட் 4-க்கு 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை இவை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கான வரம்பு முறையே 140, 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் அந்த ஈரம் ஆவியானால், மேலே சொன்ன காற்றுக் கணக்கு அங்கேயே நடக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்; திறந்து வைத்த பழைய டின்னை ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிக்கான், கிளைகாலோடு சேராது. டாட் 5.1 என்பது மறுபடி கிளைகால் வகைதான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்ஜின் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். அப்படி நடந்தால் கழுவிப் பயனில்லை. ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும். பாகங்களைக் கழுவ ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில் மட்டும்.

குழாய் மாற்றும்போது பிரேக்குக்கென்று வரும் இரும்புக் குழாய் அல்லது குப்ரோநிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) குழாய் போடுங்கள். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும். முனைக்கு இரட்டை மடிப்பு ஃபிளேர் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரஷன் இணைப்பு இந்த அழுத்தத்துக்கு ஆகாது.

வண்டியை எடுக்கும்முன் இன்ஜின் ஓட, ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்து, வேறொருவரை எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1960-களுக்கு முந்தைய லாரிகளில் பெரும்பாலும் ஒரே சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரமும் போகும். அதனால் முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், முதல் கியரில், ஹேண்ட் பிரேக் தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்று பார்த்த பிறகு. புது ஷூ போட்டிருந்தால் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அட்ஜஸ்டரைப் பாருங்கள். லைனிங் படிந்து இடைவெளி சற்றுக் கூடியிருக்கும்.